சுழியத்துக்குக் கீழே

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள்
தலைஞாயிற்றில் கரண்டு போய்விட்டது.
இன்வெர்ட்டரில் இன்னும் ஒன்றரை மணி நேரம்.
திரையில், எங்கோ செத்துப்போன ஒரு சர்வர்
சாகும் நொடியில் நினைவில் வைத்திருந்த அத்தனையையும்
அறுபத்து நான்கு ஜி.பி. கோப்பாகக்
கொட்டிவிட்டுப் போயிருக்கிறது.

கடைசியாக ஓடிய வேலை எது,
எந்தப் பூட்டுக்காக எது காத்துக் கிடந்தது?
என்ன கேட்டாலும்
என் கருவிக்கு ஒரே பதில்:
அந்தப் பக்கம் டம்ப்பில் இல்லை.

கர்னல் சொல்லும் முகவரி பெயருக்குத்தான் முகவரி.
அடியைக் கழித்துத் தொடக்கத்தைக் கூட்டினால்தான்
சிப்பில் எந்த இடமென்று தெரியும்.
கழித்தேன், கூட்டினேன்,
கரண்டு பில்லின் பின்பக்கத்தில் கையாலும் போட்டேன்.
எனக்கு வருகிறது. கருவிக்கு வரவில்லை.

புனேவிலிருந்து அஸ்மிதா கேட்டாள்:
'கோப்பே கெட்டுப்போயிருக்குமோ, மதிவதனி?'
ஆமாம் என்றிருந்தால்
அன்றைக்காவது தூங்கியிருக்கலாம்.

தொடக்கத்தை அச்சிட்டுப் பார்த்தேன்.
முன்வரிசையில் எஃப், எஃப், எஃப், எஃப்.
ச்சே.
இது பெரிய எண்ணே இல்லை,
சுழியத்துக்குக் கீழே கிடக்கிற எண்.
புதுக் கர்னலில், சில இயந்திரங்களில்,
நினைவகத்தின் தொடக்கம் அப்படி இறங்கிவிடும்.
கழித்தல் குறி அறியாத எங்கள் கருவி
பள்ளத்தை மலையென்று வாசித்துவிட்டு,
வந்த முகவரியை எல்லாம்
'நீ தொடக்கத்துக்கு முன்னால் இருக்கிறாய்,
ஆகவே இல்லை' என்று
மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

ஒரு 'யு'வை அழித்தேன்.
வகைப் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான்.
ஏன் அழித்தேன் என்று எழுதத்தான்
பதினாறு வரி ஆனது.
பிறகு கேட்டதும் வந்தன:
பூட்டு, பூட்டைப் பிடித்தபடி உறைந்த டிரைவர்,
அதன் பின்னால் நாற்பத்தோரு வேலைகள், வரிசை கலையாமல்.
எல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

மழை விட்ட காலையில்
அடப்பாற்றுச் சட்ரஸ் வரை நடந்தேன்.
கடல் ஏற்றம். உப்புத் தண்ணீர் வயலுக்கு ஏறாதபடி
பலகைகளை இறக்கியிருந்தார்கள்.
தூணில் அளவுகோலுக்குப் புதுப் பெயின்ட்:
இரண்டு, ஒன்று, சுழியம், ஒன்று, இரண்டு.
கீழே இருக்கிற ஒன்றுக்கும் இரண்டுக்கும்
முன்னால் கோடு இல்லை.
இதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது
என்று சொன்னால் அழகாயிருக்கும்.
பொய். திருத்தம் முந்தின இரவே போய்விட்டது.

'போன வருசமும் இப்படித்தான் வுட்டுட்டுப் போனான்'
என்றார் லஸ்கர் கலியமூர்த்தி,
நாகப்பட்டினத்துக்குச் சொல்ல வேண்டிய எண்ணுக்கு முன்னால்
நோட்டில் ஒரு சிறு கோடு இழுத்தபடி.
அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.
நாகப்பட்டினம் பார்க்கவில்லை.

போன் அதிர்ந்தது. அஸ்மிதா:
வேறொரு டம்ப்பில்
இன்னமும் 'இல்லை' என்கிறதாம்.
சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வீட்டுப் பக்கம் திரும்பினேன்.