எல்லோரும் எழுந்து நிற்க

படுத்திருக்கையில் நூற்று நாற்பத்திரண்டு.
எழும்பி நின்றதும் நூற்று நாலு.
மரிசெல் இரண்டு தரம் கட்டிப் பார்த்தாள்,
கருவியில் பிழையில்லை.
"உங்கள் இரத்தம் கொஞ்சம் பிந்தி வருகிறது" என்றாள்,
பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

வெள்ளிக்கிழமை தொலைபேசி அடித்தது. எழும்பினேன்.
சமையலறை ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்து
நடுவில் ஒரு காசளவு வெளிச்சம் மிஞ்சியது.
அதுவும் போனது.
புருவத்தில் நாலு தையல்.
அழைத்தவர்கள்
காற்றுக்குழாய் துப்புரவு செய்கிறவர்கள்.

பிரஷர் ஏறுகிறதென்று பத்து வருஷம் குளிசை தந்த டொக்டர்
இறங்குகிறதென்று அதைப் பாதியாக உடைக்கச் சொன்னார்.
இனி, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம்.
கணுக்காலை ஆட்ட வேண்டும். ஒரு கிளாஸ் தண்ணீர்.
எதையாவது பிடித்துக்கொண்டு, பிறகு.

இருபத்திரண்டு வருஷம் ஸ்காபரோ நீதிமன்றத்தில்
மொழிபெயர்ப்பாளராக நின்றவள் நான்.
நீதவான் நுழைகையில் எழுத்தர் குரல் கொடுப்பார்,
அறை முழுக்க எழும்பும்.
என் பக்கத்தில் ஒருவர் மட்டும்
என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.
"எழும்புங்கோ அண்ணை."
நான் சொல்லி, அது காதில் விழுந்து,
முழங்காலுக்குப் போய்ச் சேர
இரண்டு விநாடி.

அந்த இரண்டு விநாடியை
மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்ட நீதவானும் இருந்தார்.

அருந்தவநாதன் என்றொருவர், வாகனத் தரிப்பிடக் காவலாளி.
சிவப்பு விளக்கைத் தாண்டியதாக வழக்கு.
மூன்று தவணையும் பிந்தியே எழும்பினார்.
கடைசித் தவணையில் மேசையைப் பிடித்தபடி, முகம் வெளிறி,
அப்படியே திரும்ப இருந்துவிட்டார்.
நான் அவர் முழங்கையில் தட்டினேன்:
"கெதியா, கெதியா."

அவருக்கு அப்போது
என் இப்போதைய வயது.

விடிய ஐந்தே முக்கால்.
பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் வெளிச்சம்
சுவரில் வந்து வந்து போகிறது.
இறுக்கமான காலுறையைப் பாதி ஏற்றியபடி
விளிம்பில் இருக்கிறேன். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
உத்தரவு எப்போதோ போய்விட்டது.
கீழே, காலில் எங்கேயோ, இரத்தம்
இன்னும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆறுதலா வாங்கோ அண்ணை, என்கிறேன்.
ஒருத்தரும் இன்னும் உள்ளே வரவில்லை.