வியாழக்கிழமை வசூல்

அலெப்போவில் இப்போது
வீட்டு எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.
நாலு ஆம்பியர் பல் டாக்டர்.
அரை ஆம்பியர் செருப்புக்காரர்.
அப்படிச் சொன்னால் வழி காட்டுவார்கள்.

தெருமுனையில் ஜெனரேட்டர்.
ஐந்து மணிக்கு இருமத் தொடங்கும்,
நள்ளிரவில் நிற்கும்.
இடையில் இருப்பதைத்தான் நாள் என்கிறோம்.

நான் வசூல்காரன்.
முன்பு பள்ளிக்கூடத்தில் இயற்பியல்.
முடிவில்லாத நீளமுள்ள இரண்டு கம்பிகள்,
நடுவில் ஒரு மீட்டர் வெற்றிடம் என்று
கரும்பலகையில் இரண்டு கோடு இழுப்பேன்.
பலகை முடிந்த இடத்தில் கோடும் முடியும்.
"முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்பேன்.
வைத்துக்கொண்டார்கள், பாவம்.
ஒரே திசையில் ஓடினால்
கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும்,
கையால் உணர முடியாத அளவு கொஞ்சமாக.

அந்த வரையறையைப் பிரான்சில் மாற்றிவிட்டார்களாம்.
இப்போது எலெக்ட்ரானை வைத்துக் கணக்காம்.
செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் கரண்ட் இல்லை.
அவர்கள் எண்ணட்டும்.
நான் நோட்டுக்கட்டை எண்ணுகிறேன்.

ஒரு ஆம்பியருக்கு
மூன்று விளக்கு, ஒரு டிவி, போனுக்குச் சார்ஜ்.
ஃப்ரிட்ஜ் விழித்தால் டிவி கண்ணை மூட வேண்டும்.
கெட்டிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை,
கடல் தாண்டிப் போய்க் கடிதம் போடாத மகனைப் பற்றிப்
பேசாதது போல.

மூன்றாம் மாடி அராக்ஸிக்கு இரண்டு ஆம்பியர்.
இந்த வாரப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தவில்லை.
"பத்து நிமிடம், ஏழு ஆம்பியர் கிடைக்குமா?"
கல்யாணமா என்றேன்.
இல்லை.
யாராவது வருகிறார்களா?
இல்லை.
"ஈரத்தலையோடு படுத்துப் படுத்து
சலித்துப்போச்சு, உஸ்தாத்."

பையில் பத்து ஆம்பியர் பிரேக்கர் ஒன்று கிடந்தது.
மாற்றிப் போட்டேன்.
படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.
உள்ளே ஹேர் டிரையர் ஊளையிட்டது.
தெருமுனையில் இருமல் அடிக்குரலுக்கு இறங்கியது.
எதிர் வரிசை ஜன்னல்கள் எல்லாம்
ஒரு சுற்று மங்கி நிமிர்ந்தன.
"எவன் வீட்டில் அடுப்பு போட்டிருக்கிறான்?"
பால்கனியிலிருந்து பல் டாக்டர் கத்தினார்.
"பார்க்கிறேன் டாக்டர்" என்றேன்,
அசையாமல்.

பதினான்கு நிமிடம் ஆயிற்று.
வெளியே வந்தாள்.
நரைத்த முடி பஞ்சாகி
முகத்தைவிடப் பெரிதாக இருந்தது.
"எவ்வளவு தரணும்?"

ஏழைப் பதினான்கால் பெருக்கிப் பார்த்தேன்.
விடை வந்தது.
எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.
இரண்டு ஆம்பியரைத் திரும்ப மாட்டிவிட்டு
இறங்கினேன்.
கழற்றிய பிரேக்கர் சட்டைப் பையில்
நாலாவது வீடு வரை சுட்டுக்கொண்டே வந்தது.