பன்னிரண்டு எட்டு

ஸ்ரான்லி வீதிக் கடையில்
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரீவி.
இரண்டிலும் ஒரே பச்சோந்தி,
ஒரே இலையில் இருந்து
ஒரே நேரத்தில் நாக்கை நீட்டியது.
வலப்பக்கத்துப் பச்சோந்தி
அறுபத்தோராயிரம் ரூபா கூட.

கபிலாஷ் என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்த பொடியன்
கைக்கொரு றிமோட்டோடு விளக்கினான்.
"அன்ரி, இதிலை கறுப்பெண்டால் கறுப்பாவே இருக்கும்.
அதிலை கொஞ்சம் சாம்பல் அடிக்கும்."
இருட்டறைக்குள் ஒரு பூனை நடந்துபோனது.
வலப்பக்கம் மீசையை எண்ணலாம்.
இடப்பக்கம்
பூனை எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது,
அது பூனைக்கே தெரியாது.

இவர் எழும்பி நின்று இடக்கண்ணைப் பொத்தினார்.
வலக்கண், போன மாதம் பெரியாஸ்பத்திரியில்
புரை எடுத்துப் புது வில்லை வைத்த கண்.
"ஓமோம், நல்ல வித்தியாசம்."
பிறகு வலக்கண்ணைப் பொத்தினார்.
இடக்கண்ணுக்கு இன்னும் திகதி தரவில்லை.
"இரண்டும் ஒண்டுதான்" என்றார்,
"இரண்டும் தேத்தண்ணி."
மாறி மாறிப் பொத்தினார்.
ஆரோ வாங்க வந்தவர்களின் பிள்ளை ஒன்றும்
பார்த்துப் பார்த்துத் தன் கண்ணைப் பொத்தியது.

சூரிச்சிலிருந்து மகள் அனுப்பிய கேள்விகளை
போனில் பார்த்து ஒவ்வொன்றாய் வாசித்தேன்.
கபிலாஷ் எல்லாத்துக்கும் மறுமொழி வைத்திருந்தான்.
அறுபது, நூற்றிருபது. மூன்று வாசல், நான்கு வாசல்.
இடப்பக்கத்தில் சிக்ஸர் அடித்தால்
பந்துக்கு ஒரு வால் முளைக்குமாம்.
வலப்பக்கத்தில் பந்து பந்தாகவே போகும்.

மகள் கேட்காத ஒன்று இருந்தது.
"தம்பி, சத்தத்தைக் கூட்டுங்கோ.
செய்தியைப் போடுங்கோ."
சொல்லிவிட்டு இரண்டு ரீவிக்கும் முதுகைக் காட்டி
பிறிஜ்கள் நிற்கிற மூலைவரை நடந்தேன்,
பன்னிரண்டு எட்டு.
எங்கள் குசினி அவ்வளவு தூரம்.

"அன்ரி, படம் இஞ்சாலை."

தெரியும் தம்பி.
இருபத்தாறு வருசமாய் நான் ரீவி பார்ப்பதில்லை,
கேட்கிறேன்.
எந்த மாமி எந்த மருமகளுக்கு நஞ்சு கலக்கிறாள்,
எந்த நாட்டில் வெள்ளம், எத்தனையாவது ஓவர்,
எல்லாம் கிறைண்டர் ஓய்கிற இடைவெளிகளால்
என்னிடம் வந்து சேர்ந்ததுதான்.
அழுகிற குரல்களை எனக்குத் தெரியும்.
அந்த முகங்களைப் பார்ப்போமென்று
கறியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தால்
சவர்க்கார விளம்பரம்.

அந்த அறுபத்தோராயிரம் கூடியது
தகடு மாதிரி மெல்லிசு.
வாயைச் சுவருக்குக் கொடுத்துக் கதைத்தது.
செய்தி வாசிக்கிறவள்
வாளிக்குள் தலையை விட்டு வாசித்தாள்.
மற்றது கொஞ்சம் தடிப்பு, இடுப்பில் சதை.
அதன் ழகரம்
பிறிஜ் வரைக்கும் உடையாமல் வந்தது.

"இதுதான்" என்றேன்.
இவர் ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.
எந்தக் கண் என்று நான் கவனிக்கவில்லை.
"அப்ப கறுப்பு?"
"சாம்பலாய் இருக்கட்டும்."

மிச்சக் காசுக்கு
இடக்கண்ணைத் தனியாரில் செய்யலாமே என்று
கபிலாஷ் பில் எழுதிக்கொண்டே சொன்னான்.
போதாது.
அதை நான் முன்னமே விசாரித்திருந்தேன்.

பெட்டியைப் படுக்கவைக்கக் கூடாதாம்.
ஓட்டோவின் பின் சீற்றில் நடுவே நிமிர்த்தி வைத்து
அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான்.
தட்டாதெருச் சந்தி தாண்டும்வரை
பெட்டியின் மேல் விளிம்பில்
நாலு விரல் மட்டும் தெரிந்தது.
தூறல் தொடங்கிவிட்டது.
ஓட்டோக்காரன் பாட்டைக் கூட்டினான்.
அதற்குள்ளாலும், மட்டைக்குள்ளாலும்,
ரெஜிபோமுக்குள்ளாலும்
தெளிவாய்க் கேட்டது:

"உம்மடை பக்கம் நனையுதோ?"