கா

மூணாம் நம்பர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள்.
பாய், கேஸ் அடுப்பு, பையனின் மூன்று சக்கர வண்டி
எல்லாம் ஆட்டோவில் ஏறிற்று.
தன்பாத் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.
நாய் ஏறவில்லை.
ஏற்றவில்லை என்று சொல்வதுதான் சரி.

பூட்டிய கதவின் முன்னால் மூன்று நாள் படுத்திருந்தது.
நான் வைத்த சோற்றை எறும்பு தின்றது.
வா என்றேன், தின்னு என்றேன்,
இந்தா சாமி என்றும் கெஞ்சினேன்.
ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பி
இது நம்ம ஆளில்லை என்பதுபோல
மறுபடி கதவுக்கே போனது.

நான் ஒன்றும் மகராசி இல்லை.
நாலாம் நாள் அவிநாசிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று
கயிறு கட்டி ரோட்டு வரைக்கும் இழுத்துப் போனேன்.
ஷேர் ஆட்டோக்காரர் நாயை ஏற்றமாட்டேன் என்றார்.
அவ்வளவுதான் காரணம்.

கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கிற பிபினிடம் கேட்டேன்,
உங்க ஊர்ல நாயை எப்படிக் கூப்பிடுவாங்க?
சிரித்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தான்.
வா என்பதற்கு ஆ.
உட்கார், பொஸ்.
தின்னு என்பதற்கு கா.

ஓவர்டைம் முடிந்து ஒன்பதரை மணிக்கு
குழாயடியில் குந்தி, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்:
ஆ.
எழுந்து வந்தது.
கா.
வட்டல் நகர நகர
சுவர்வரை தள்ளிக்கொண்டே போய் நக்கித் தின்றது.

பிறகு ஆரம்பித்தது செலவு.
மாட்டாஸ்பத்திரியில் வெறிநாய் ஊசி,
பூச்சி மாத்திரை, கோழிக்கழுத்து கால் கிலோ,
கருத்தடை செய்த அன்றைக்கு அரை நாள் சம்பளம் கட்.
தையலை நக்கவிடக் கூடாது என்றார் டாக்டர்.
செகண்ட்ஸ் பண்டலில் ஒரு பனியன் எடுத்தேன்.
ஜெர்மனிக் குழந்தைக்குத் தைத்தது, மார்பில் கரடிப் படம்,
ஒரு ஊசிக்கோட்டுக்காக நானே கழித்துப் போட்டது.
கீழே இரண்டு ஓட்டை வெட்டி மாட்டிவிட்டேன்.
பத்து நாள் அந்தக் கரடியோடு
லைன் வீடு முழுக்க முதலாளி மாதிரி நடந்தது.

ராத்திரியில் டியூப் லைட்டுக்கடியில் உண்ணி பார்ப்பேன்.
பகலெல்லாம் பீஸ் பார்க்கிற அதே விரல்கள்.
காதுக்குள், கால் இடுக்கில், வால் வேரில்.
இங்கே எதையும் ஸ்டிக்கர் ஒட்டிக் கழிக்க முடியாது.

தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும்.
சென்னிமலையில் அக்கா முறுக்கு சுட்டு வைத்திருந்தாள்.
நான் போகவில்லை.
முதல் சரவெடிக்கே கட்டிலுக்கடியில் போய்
என் பழைய சேலைக்குள் நடுங்கியதை
யாரிடம் விட்டுவிட்டுப் போவது?
விடியும்வரை நானும் தரையில்தான் கிடந்தேன்.
அதன் மூக்கு என் உள்ளங்கையில்
ஈரமாக, சில்லென்று இருந்தது.
முறுக்கைவிட அது மோசமில்லை.

தை மாதத்தில் மினதி வீடியோவில் கூப்பிட்டாள்.
நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி நாலு கேள்வி
அவளுக்கென்றே வைத்திருந்தேன்.
பையன் ஆ, ஆ என்று கத்தினான்.
நாய் போனை மோந்தது, போனுக்குப் பின்னால் போய்த் தேடியது,
பிறகு மூணாம் நம்பர் கதவுக்கு ஓடியது.
அங்கே இப்போது உசிலம்பட்டிக்காரர்கள்.
மினதி தெரிந்த தமிழில் ஒன்றே ஒன்று கேட்டாள்:
சாப்ட்டுச்சா?
சாப்ட்டுச்சுங், என்றேன்.
வைத்திருந்த நாலு கேள்வியும் வாயிலேயே நின்றுவிட்டது.

கா என்றால் எங்கள் பாஷையில் காப்பாற்று.
பள்ளிக்கூடத்துச் செய்யுளில் படித்தது.
வட்டலை வைக்கிறபோதெல்லாம் சொல்கிறேன்,
எந்தப் பாஷையில் என்று பார்ப்பதில்லை.

மாசக் கடைசிக்குள்
நாயா வீடா என்று சொல்லச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரம்மா.
ஞாயிற்றுக்கிழமை மங்கலம் ரோட்டில் பதினோரு வீடு பார்த்தோம்.
இரண்டு பேரும்தான் போனோம், கயிறு தளர்வாக.
அட்வான்ஸ் எவ்வளவு என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே
நாயிருக்குதுங், என்று சொல்லிவிடுகிறேன்.
பத்துப் பேர் கதவைச் சாத்தினார்கள்.
பதினோராவது வீட்டம்மா
கடிக்குமா என்று கேட்டார்.