வெர்னியர்

மத்திகிரி கூட்ரோட்டு நர்சரியில்
காலிஃபிளவர் நாற்றுதான் கேட்டேன்.
அது தீர்ந்துபோச்சு, ப்ரோக்கோலி இருக்கு என்று
ஆறு நாற்றைச் செய்தித்தாளில் சுருட்டித் தந்தான்.
தீபாவளி போனஸில் மிஞ்சிய சில்லறை அதோடு சரி.

மொட்டைமாடியில் ஆறு சிமெண்ட் சாக்கு.
செம்மண், சாணி எரு, தேங்காய் நார்.
வீட்டுக்கார நாகரத்தினம்மா
பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாகத் திட்டினாள்.
தளம் ஒழுகுமாம்.
அரூர்க்காரி நான்,
புரிந்த பாதிக்கும் புரியாத பாதிக்கும் தலையாட்டினேன்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து
கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது பன்னிரண்டேகால்.
செல்போனை வாயில் கவ்விக்கொண்டு
ஒவ்வோர் இலையாகத் திருப்புவேன்.
இலைப்பச்சையில் புழு,
நரம்போடு நரம்பாய் நீட்டிப் படுத்திருக்கும்.
எட்டு மணி நேரம் இரும்பில் கீறல் தேடிய கண்
அதனிடம் தோற்கும்.

இரண்டை எலி கடித்தது. ஒன்று தண்டு அழுகியது.
இரண்டு, இலை மட்டும் போதும் என்று நின்றுவிட்டன.

மார்கழிப் பனியில் ஆறாவதின் நடுவில்
சட்டைப் பொத்தான் அளவுக்கு என்னவோ.
பையில் கிடந்த வெர்னியரை வைத்துப் பார்த்தேன்:
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
வியாழக்கிழமை பத்தொன்பது.
அடுத்த செவ்வாய் நாற்பத்து மூன்று.
வேலையில், மயிரிழை கூடினாலும்
சிவப்புப் பெட்டியில் போடுகிறவள் நான்.

பிறகு எக்ஸ்போர்ட் ஆர்டர். மூன்று நாள் டபுள் ஷிப்ட்.
மாடிப் பக்கமே போகவில்லை.
நாலாம் நாள் ஏறும்போது
வெடித்த மண்ணைத்தான் எதிர்பார்த்தேன்.
ஈரமாக இருந்தது.
பக்கத்தில் கவிழ்த்துவைத்த ஒரு பித்தளைச் செம்பு,
என்னுடையது இல்லை.

நூற்றுப் பதினெட்டில் அறுத்தேன்.
மொட்டு இறுக்கமாய், விளிம்பில் லேசாக நீலம்.
பாதியைக் கீழே கொடுத்தேன்.
மிளகாய் கிள்ளிப்போட்டுப் பொரித்தாளாம்.
'காலிஃபிளவருக்குக் காய்ச்சல் வந்தாப்பல இருக்கு' என்றாள்.
கிண்ணம் கழுவி வந்தது.

தை பிறந்து பத்து நாள் இருக்கும்.
ஞாயிறு, துணி ஊறவைத்துக்கொண்டிருக்கிறேன்.
மாடியிலிருந்து அவள் குரல்:
மூடு, மூடு!
பதறிப்போய் குழாயை மூடினேன்.
கதவை மூடினேன்.
இன்னும் கத்துகிறாள்.
சோப்புக் கையோடு ஓடினால்,
அறுத்த தண்டின் பக்கம் குந்தியிருக்கிறாள்,
ஒன்று, இரண்டு, மூன்று எனப் பக்கத் துளிர்களில்
விரல் படாமல் எண்ணிக் காட்டியபடி,
தெலுங்கில்.