கல்லுக்குக் காசில்லை

எங்கள் கவுண்டரில் கம்பி உண்டு.
கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்
மோதிரத்தைக் கழற்றும் முன்
விரலிலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்கள்.
நான் அப்போது தராசைப் பார்ப்பேன்.
பினாங்கு அடகுக்கடையில் பதினோரு வருடம்.
அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான்:
தங்கத்துக்குத்தான் தருவோம்,
கல்லுக்குக் காசில்லை.

அதனால்தான் கமலவேணி
என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.
பஸ் ஓட்டுகிறாள், ஜெலுத்தோங் வழி.
நாற்பத்தொன்று முடிகிறது.
இரண்டு வருட ஓவர்டைம் கைப்பையில்.
வாங்கித் தருகிறேன் என்றவன்
இப்போது ஈப்போவில்,
வேறு யாருக்கோ ஏதோ வாங்கிக்கொண்டு.
"மூக்குத்தி. வைரம். அவ்வளவுதான்," என்றாள்.

குயின் ஸ்ட்ரீட்டில் உச்சி வெயில்.
கடைக்குள்ளோ கூரை முழுக்க விளக்கு;
அதன் கீழ் என் பேனா மூடிகூட மின்னியது.
வெளியே கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்றேன்.
விற்கும் பையன் மேனேஜரைப் பார்த்தான்,
மேனேஜர் காவலாளியைப் பார்த்தார்,
கடைசியில் ஐந்து பேரும்
ஐந்தடிப் பாதையில் நின்றோம்
மிளகளவுகூட இல்லாத ஏழு கற்களைச் சுற்றி.
நிழலுக்கு வந்ததும் ஆறு தூங்கிவிட்டன.
ஒன்று மட்டும் விழித்திருந்தது.
வெட்டு நல்ல வெட்டு என்றேன்.
மற்றதெல்லாம் பிறகு.

"இருபது சென்ட்," என்றான் பையன்.
சிரித்துவிட்டாள் கமலவேணி,
"எங்க பஸ்ல சில்லறை தர்றதில்ல தம்பி."
நூறு சென்ட் ஒரு காரட்.
தங்கத்தின் காரட் சுத்தம்,
கல்லின் காரட் எடை.
ஒரே பெயரில் இரண்டு ஆள்.
அதைக் குழப்பிக்கொண்டு வாங்கியவர்கள்
என் கம்பியைப் பிடித்து அழுதிருக்கிறார்கள்.

பேனா மாதிரி ஒன்றைக் கல்லில் வைத்தான்.
கீச்சென்றது. "ஒரிஜினல்கா."
இருக்கலாம்.
மண்ணுக்கடியில் கிடந்ததற்கும்
போன மாதம் எந்திரத்தில் விளைந்ததற்கும்
அது ஒரே குரலில்தான் கீச்சிடும்.
விளைந்ததும் வைரமே,
விலைதான் வேறு.
கல்லின் இடுப்பில் எண் பொறித்திருக்குமே என்றேன்.
இவ்வளவு சின்னதுக்கு இல்லை என்றான்.
"அப்ப ரசீதுல எழுது,"
ஸ்டீயரிங் பிடிக்கிற குரலில் அவள்,
"இயற்கைக் கல்லுன்னு. திருப்பிக் கொடுத்தா
எவ்வளவு தருவீங்கன்னு. கையெழுத்துப் போடு."
அறுபது சதவீதம், கூலி போக, என்று எழுதினான்
எறும்பு எழுத்தில்.
"பெரிசா."

லூப்பில் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை.
"உள்ள என்னமோ இருக்கு."
இன்க்ளூஷன் என்றான் அவன்.
காகபாதம் என்றேன் நான்; பழைய சொல்,
காக்கை கால் வைத்தது போன்ற கோடு,
ஆகாது என்று ஒதுக்குவார்கள்.
"என் பஸ் கண்ணாடில தினம் வைக்குது காக்கா,"
என்றாள்.
அந்தக் காலுக்காக
முந்நூறு வெள்ளி குறைக்கவும் வைத்தாள்.

அவள் நோட்டை எண்ணுவதற்கு முன்
நான் என் வேலையைச் செய்தேன்.
நாளைக்கு என் கம்பி முன்னால் நின்றால்
இதற்கு நாற்பது வெள்ளி, கமலா.
தண்டுத் தங்கத்துக்கு மட்டும்.

"விக்கவா வாங்குறேன்?"

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் கண்ணாடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி வண்டியில்
எனக்கு முன் இருக்கை.
ஜெலுத்தோங் சிவப்பு விளக்கில் நின்றோம்.
கடல் பக்கத்து வெயில் சாய்ந்து வந்து
அவள் மூக்கில் ஏறியது.
கூரையில், கைப்பிடிகளில்,
தூங்கும் ஒரு பள்ளிப் பையன் சட்டையில்
சின்னச் சின்ன நிறங்கள்.
பச்சை விழுந்தது.
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.
மேல் கண்ணாடியில்
அவள் இன்னும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.