ஒப்படை

நெக்ரோஸ் தீவுக்காரன் ரொதெல்
எங்கள் கப்பலில் ஃபிட்டர்.
அவன் பெட்டி மூடியின் உட்புறத்தில்
மாதா படத்துக்குப் பக்கத்தில்
கண்ணாடித்தாள் போட்ட ஒரு பட்டா நகல்.
அறுபத்திரண்டு பெயர்கள்.
நாற்பத்தோராவது, அவன் அம்மா.

மலாக்கா நீரிணையில் இஞ்சின் நின்றுபோன ராத்திரி
அவன் அரைகுறை இங்கிலீஷை
நான் திருநெல்வேலித் தமிழில் கேட்டுக்கொண்டேன்:

"எனக்குத் தெரிஞ்சு எங்க நாட்டுல
அரசியல் சாசனத்தையே மூணு தரம் எழுதியாச்சு, மாசானம்.
முப்பத்தஞ்சுல, எழுபத்து மூணுல, எண்பத்தேழுல.
கடைசித் தரம் உழுதவனுக்கு நல்ல வரி ஒண்ணு போட்டாங்க.
எங்கம்மா அதை செபம் மாதிரி மனப்பாடமாச் சொல்லுவா.
நிலம் வந்துது.
பின்னாலயே முப்பது வருசத் தவணையும் வந்துது.
கட்ட முடியாம
பழைய கரும்புத் தோட்டக்காரனுக்கே குத்தகைக்கு விட்டா.
இப்ப அவ நிலத்துல
அவதான் கூலி."

சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைத்தான், வெகுநேரம்.

எங்களுக்கு ஒரே சாசனம்தான் என்றேன்.
ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நூறு தாண்டியாச்சு.
முதல் ஒட்டிலேயே நிலம் இருக்கிறது.
கோர்ட்டு கை வைக்காதபடி
ஒன்பதாம் அட்டவணை என்று ஒரு பெட்டி செய்து
நிலச் சட்டங்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.
சட்டம் உள்ளே பத்திரமாக இருந்தது.
நிலம் வெளியே நின்று
பெயர் மாற்றிக்கொண்டது.

பெரியவீட்டுச் சமையல்காரர் பெயரில் பன்னிரண்டு ஏக்கர்.
பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்ட பிள்ளை பெயரில் பதினைந்து.
மயிலைக்காளை பெயரில் எட்டு;
கையெழுத்துக்குக் குளம்பைப் பதித்தார்களோ என்னவோ.
எல்லாம் போக நின்றதற்கு உபரி என்று பெயர்.
அந்த உபரியில்
எழுபத்தைந்தாம் வருஷம்
ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்
என் அம்மைக்கு ஒப்படை.

அளந்துகொடுக்க வந்த சர்வேயர்
ஆலடிக்குளத்துக் கரையிலேயே சங்கிலியைப் போட்டுவிட்டு
கையை நீட்டினாராம்:
"அந்தா ஒரு நாரை நிக்குல்லா,
அதுக்கு இங்கிட்டு."
நாரை பறந்துவிட்டது.
அதுதான் எங்கள் எல்லைக்கல்.

ஐப்பசியில் முங்கும்.
மாசிக் கடைசியில் முதுகு தெரியும்.
பங்குனியில் களிமண் வெடிக்குமுன் விதைத்தால்
எழுபது நாளில் உளுந்து எடுக்கலாம்.
மீதி நாளெல்லாம் அயிரையும் கெண்டையும்
எங்கள் நிலத்தில் குடியிருக்கும், வாரமில்லாமல்.
அம்மை தண்ணீருக்கும் சேர்த்தே தீர்வை கட்டினாள்.
ஒரு ரசீதும் தொலையவில்லை.

போன வைகாசியில் கப்பலிலிருந்து இறங்கினேன்.
செடி காய்த்து நின்றது.
வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ்:
நீர்நிலை ஆக்கிரமிப்பு, இருபத்தொரு நாளில் அகற்றுக.
ஒப்படை தந்தது அம்பாசமுத்திரம் தாலுகா.
நோட்டீஸ் தந்தது சேரன்மகாதேவி தாலுகா.
நடுவில் தாலுகாவே பிரிந்துவிட்டது,
குளம் பிரியவில்லை.

தப்பென்று சொல்ல எனக்கு நா வரவில்லை.
குளம் குளமாகத்தான் இருக்க வேண்டும்.
ஆனால் குளத்தைக் கொடுத்தது யார்?

அம்மை கேட்டாள்,
"யாரு பேரு போட்டிருக்கு?"
"ஒம் பேருதான். முப்பிடாதி."
"முப்பிடாதின்னா?"
கிட்டே வந்து தாளைத் தொட்டுப் பார்த்தாள்.
ஒப்படையில் அவள் 'முப்பாத்தி'.
திருத்தக் கேட்டு அவள் கொடுத்த மனுக்கள் பதினொன்று.
ஐம்பது வருஷத்தில் முதல் தரமாக
சர்க்கார் அவள் பெயரைச் சரியாக எழுதியிருந்தது.

இரண்டு தாளையும் பாயில் சேர்த்து வைத்துப்
படம் பிடித்து ரொதெலுக்கு அனுப்பினேன்.
இரண்டிலும் அதே கோபுர முத்திரை,
அதே மாதிரி கிறுக்கின பச்சை மைக் கையெழுத்து.
நெக்ரோஸில் நடுச்சாமம் இருக்கும்.
உடனே பதில் வந்தது:

"இதுல எது பட்டா?"